பக்கத்து சீட்டு பிரேக்

சண்முகவடிவுக்குத் தன் கொழுந்தன் பாலகணேஷைப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு மாதமாக அவன் குரலைப் போனில் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது. அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குக் காலை, தி. நகரே மழையில் ஊறிக்கொண்டிருந்தபோது, டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். அண்ணன் மனைவியான மைனிக்குக் கார் ஓட்டத் தெரியுமா தெரியாதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லத்தான் இந்த எழுந்தருளல்.

எல்லாம் ஆவணியில் ஆரம்பித்தது. அவள் கணவர் அய்யாதுரைக்கு, தம்பியோடு சேர்ந்து நடத்தும் பாத்திரக்கடையிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பி, இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. கை வரவில்லை. அடையாறில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு வாரம் இரண்டு நாள் போனால் கையும் வரும் என்றார்கள். வாசலில் அவருடைய கார் நின்றது, ஓட்டத்தான் ஆளில்லை. "நான் இருக்கையில எங்கண்ணன் ஆட்டோலயா போகணும்?" என்று மார்தட்டிக்கொண்டு சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன் இந்தப் பாலகணேஷ்தான்.

வெயில் நாளில் கே.கே. நகரிலிருந்து ஒழுங்காக வந்தான். மழை பிடித்துக்கொண்டதும் அவன் வருகை போனோடு நின்றது. "கிளம்பிட்டேன் மைனி, வந்துக்கிட்டே இருக்கேன்" என்பான். அய்யாதுரை சட்டை மாற்றி, செருப்பு மாட்டி, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தெரபிக்குக் குறித்த நேரம் தாண்டிய பிறகு மறுபடி போன் வரும். "லோடு இறங்குது மைனி, விட்டுட்டு வர முடியல." அதற்குப் பிறகு அந்த மழையில் ஆட்டோ கிடைக்காது. செல்போனில் பதிவு செய்தால் ஆட்டோக்காரன் வருகிறேன் என்று காட்டிவிட்டு ரத்து செய்வான். அய்யாதுரை செருப்பைக் கழற்றுவார். முதல் சில மாதத்தில் வருவதுதான் வரவு, அதை விட்டால் விட்டதுதான் என்று தெரபிஸ்ட் அம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். விட்டாயிற்று. உள்ளங்கைக்குள் மடங்கிய விரல்கள் அப்படியே மடங்கிக் கிடந்தன. இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் இனி ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்பது அந்த அம்மாவின் கடைசி எச்சரிக்கை.

இந்த லட்சணத்தில் போன வாரம் வந்து, "ஓட்ட ஆளில்லாத வண்டி துருப்பிடிச்சிரும், வாங்க ஒரு ஆள் பாத்திருக்கேன்" என்றான். சண்முகவடிவு அதற்கு முன்பே யாருக்கும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, டெஸ்ட்டும் பாஸாகி, லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அடையாறு வரைக்கும் என் கண் முன்னால ஓட்டிக் காட்டுங்க மைனி. சாவியைக் கையில தந்துருதேன். ஆனா எங்கண்ணன் வண்டில வேண்டாம், எங்கயாவது இடிச்சு வச்சிருவீங்க."

குறித்த நாளில் விடியற்காலையிலிருந்தே கொட்டியது. அவனே போன் பண்ணினான். "மழையா இருக்கே, இன்னொரு நாள் பாப்போமா?"

"எனக்கு வண்டி வேண்டியது மழையிலதான் தம்பி. வாங்க."

வந்தான். தன் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

முன்சீட்டில் அவள் பக்கத்தில் இருந்தவன் டெரிக். சாந்தோம்காரன், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அவளுக்குக் கற்றுக்கொடுத்த நாட்களில் அவளைவிடத் தன் செல்போனைத்தான் அதிகம் பார்த்தான். அவன் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. டிரைவிங் ஸ்கூல் கார்களில் அது வழக்கம்தான். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாத்தியார் அந்தப் பக்கமிருந்து பிடித்து நிறுத்துவார்.

"கண்ணாடில மூச்சு படிஞ்சுக்கினு கீது பாருங்க மேடம். ஏசியக் கண்ணாடி பக்கம் வுடுங்க, தெளிஞ்சிரும்" என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டி வெங்கட்நாராயணா ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. வைப்பர் வேகமாக ஆடியது. சண்முகவடிவே ஆச்சரியப்படும்படி எல்லாம் நன்றாகப் போனது. குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. வண்டி பதமாக வேகம் குறைந்து அதற்கு வழி விட்டது. பின்னால் பாலகணேஷின் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. இன்றைக்குச் சாவி நம் கையில்தான் என்று அவளுக்கு ஒரு குளிர்ச்சி பரவியது.

அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. ஷேர் ஆட்டோவைப் பார்த்து அவள் பிரேக்குக்குக் காலை நகர்த்தினாள், சரி. ஆனால் கால் போய்ச் சேருவதற்கு முன்பே வண்டி வேகம் குறைந்துவிட்டதே? அடுத்த தடவை கியர் மாற்றும்போது வேண்டுமென்றே கிளட்ச்சை மிதிக்காமல், பாதத்தைச் சும்மா மேலே வைத்துக்கொண்டாள். பெடல் பேய் மிதித்த மாதிரி தானாகக் கீழே போனது. கியர் வெண்ணெய்போல விழுந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். மடியில் வைத்திருந்த பைக்கு அடியில் டெரிக்கின் இடது முழங்கால் இறங்கி ஏறியது.

அப்படியானால் பழகிய நாளெல்லாம் ஓட்டியது யார்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தான் ஓட்டுவதாக நினைத்த அத்தனை நாளும் இவன் காலல்லவா ஓட்டியிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு போனால் இன்றைக்குச் சாவி கிடைத்துவிடும். பின்னால் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. டெரிக்கும் காட்டிக்கொடுக்க மாட்டான். ஆனால் அடுத்த தெரபி நாளில் பக்கத்து சீட்டில் உட்காரப்போவது காலை இழுத்து நடக்கிற மனுஷன். அவர் காலடியில் ஒரு பெடலும் இருக்காது. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வண்டியை இடது ஓரமாக நிறுத்தினாள்.

"டெரிக், காலைத் தூக்கு."

"இன்னா மேடம்?"

"ரெண்டு காலையும் எடுத்து சீட்டு மேல வை. சம்மணம் போட்டு உக்காரு."

டெரிக் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்தான். "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். கிளட்ச்ச நாங்கதான் பாத்துப்போம். இல்லாங்காட்டி ஆளாளுக்கு ரோட்டு நடுவுல ஆஃப் பண்ணிக்கினு நிப்பாங்க. ஒரு நாளைக்கு எத்தினி கிளாஸ் முடிக்கணும் தெரியுமா எனக்கு?"

"டெஸ்ட்டுலயும் உன் கால்தானா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

பின்சீட்டில் பாலகணேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப லைசென்ஸ்ல வாத்தியார் போட்டோவையில்லா ஒட்டியிருக்கணும்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் சண்முகவடிவு. டெரிக் முணுமுணுத்துக்கொண்டே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி, பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி சீட்டில் உட்கார்ந்தான்.

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? கிளம்பும்போதே ஒரு தடவை வண்டி உதறி நின்றது. நந்தனம் சிக்னலில் பச்சை விழுந்ததும் மறுபடி நின்றது. பின்னாலிருந்து ஹாரன் கிழித்தது. பைக்கில் வந்த ஒருவன் பானட்டில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனான். ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, மழையைப் பொருட்படுத்தாமல், "இன்னாம்மா, வூட்ல சீரியல் பாத்துக்கினு இருக்க வேண்டியதுதான? எங்க உயிர ஏன் எடுக்குற?" என்றார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை வர நின்றாள். பின்சீட்டுச் சிரிப்பு நிற்கவேயில்லை.

"கால டக்குனு எடுக்காதீங்க மேடம்" என்றான் டெரிக். அவனுக்கே இப்போது உயிர்ப்பயம் வந்திருந்தது. சம்மணமிட்டபடி இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். "மெல்ல வுடுங்க. ஒரு எடத்துல வண்டி லேசா நடுங்கும். அங்கியே கால வச்சிக்கோங்க. அப்பால ஆக்சிலேட்டர். அவ்ளோதான் விஷயம்."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

பச்சை விழுந்தது. அவள் மெல்ல விட்டாள். வண்டி நடுங்கிய இடத்தில் காலை நிறுத்தினாள். வண்டி நகர்ந்தது. தன் காலுக்கு வண்டி பதில் சொல்வதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தாள். கோட்டூர்புரம் பக்கம் திரும்பும்போது கிளட்ச் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முன்னால் போன வேனுக்கும் தனக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு, நனைந்த ரோட்டில் பிரேக்கை லேசாக, முன்கூட்டியே மிதித்துப் போனாள்.

சிரிப்பு நின்ற பிறகு பின்சீட்டிலிருந்து பேச்சு வந்தது. "என்ன இருந்தாலும் வாத்தியார் பக்கத்துல இருக்காரேங்கிற தைரியம். எங்கண்ணனை வச்சு ஓட்டையில இவரா வருவாரு? இத நான் ஒத்துக்கமாட்டேன் மைனி."

அவள் வண்டியை மறுபடி ஓரங்கட்டினாள். "சரி. அப்ப நீங்க முன்னால வாங்க. டெரிக் பின்னால போகட்டும்."

"நானா? நான் எதுக்கு?"

"வாத்தியார் இல்லாம ஓட்டுதேனான்னு பாக்கணும்லா. நீங்களும் பல வருஷம் கார் ஓட்டினவருதானே."

பாலகணேஷ் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான். அவன் இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் டெரிக் ஷூவைக் கையில் பிடித்தபடி ஓடி வந்து பின்சீட்டில் விழுந்துவிட்டான்.

கோட்டூர்புரம் பாலம் இறங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ரோடு எது, நடைபாதை எது என்று தெரியவில்லை. இரண்டு பேர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நில்லுங்க மேடம்" என்றான் டெரிக். "முன்னால போற கார் வீலப் பாருங்க. பாதி வீலுக்குக் கீழதான் தண்ணி கீது. போலாம். அதுக்கு மேலன்னா திரும்பிக்கினு போய்டணும். ஓரமா போவாதீங்க, வடிகாலுக்குத் தோண்டி வச்சிருக்கானுங்க. நடு ரோடு. ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலேட்டர்ல வச்ச கால எடுக்கவே கூடாது."

சண்முகவடிவு முதல் கியரில் தண்ணீருக்குள் இறங்கினாள். வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சக்கரத்தை அடித்துக்கொண்டு தண்ணீர் இரண்டு பக்கமும் விலகியது. பாதி தூரம் வந்துவிட்டாள். எதிரே ஒரு மாநகரப் பேருந்து வந்தது. அதன் டிரைவருக்கு என்ன அவசரமோ, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். அந்த அலை பானட்டில் ஏறி முன்கண்ணாடி முழுவதையும் மூடியது. ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. அவள் காலை அசைக்கவில்லை. வைப்பர் ஒரு வீச்சு வீசினால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் வண்டி முட்டியதுபோல நின்றது. இன்ஜின் அணைந்தது.

நம் தப்புதான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். அவள் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. பிறகு இடது பக்கம் பார்த்தாள். பாலகணேஷ் இரண்டு காலாலும் பக்கத்து சீட்டு பிரேக்கின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். முதுகு சீட்டில் அழுந்தியிருந்தது. கை கதவுக்கு மேலிருந்த பிடியை இறுக்கியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"காலை எடுங்க தம்பி."

அவனுக்குக் கேட்கவில்லை. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை விடாமல் அடித்தது.

"சார், பிரேக்க வுடுங்க சார். லாரிக்காரன் வந்து மேல ஏத்திடப்போறான்" என்றான் டெரிக்.

"உள்ள வருது, தண்ணி உள்ள வருது" என்று பாலகணேஷின் உதடுகள் முனகின. உள்ளே ஒரு சொட்டுக்கூட வரவில்லை. காலடியில் மிதியடி காய்ந்து கிடந்தது.

சண்முகவடிவுக்கு எல்லாம் விளங்கியது. அவன் வராத நாள் எல்லாமே மழை நாள். கொட்டுகிற மழையில் எந்த லாரிக்காரன் வந்து பாத்திர லோடு இறக்குவான்? இத்தனை மாதம் அதை ஒரு தடவைகூட யோசிக்காமல், கடைமேல் பழியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். இன்றைக்கு அவன் ஆட்டோவில் வந்து இறங்கியபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"எப்பலேருந்து இந்தப் பயம்?" என்று கேட்டாள்.

அவன் கண்ணைத் திறந்தான். பொய் சொல்லத் தெம்பில்லை. "மூணு வருஷம் முன்னால ரயில் பாலத்துக்குக் கீழ இருக்க சப்வேல காரோட மாட்டிக்கிட்டேன் மைனி. தண்ணி கம்மின்னு நினைச்சு இறக்கிட்டேன். கதவு திறக்கல. கழுத்து வரைக்கும் வந்துட்டு. யாரோ கண்ணாடியை உடைச்சு இழுத்தாங்க. வீட்டுல யார்ட்டயும் சொல்லல. அதுலேருந்து மழைன்னா வண்டிச் சாவியத் தொடவே முடியல."

பாவம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே வாசல் நாற்காலி நினைவுக்கு வந்து அந்த இரக்கத்தைத் துடைத்துவிட்டது.

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையிலேயே போய் ஆட்டோவுக்கு நின்னிருப்பேனே. யார் கால்ல விழுந்தாவது ஒரு வண்டியக் கொண்டுவந்திருப்பேனே. வாரேன், வாரேன்னு சொல்லியில்லா அவரை உக்கார வச்சீங்க. அந்த நாளெல்லாம் போச்சே. இனி யார் திருப்பித் தருவா?"

"ஆம்பளை இத எப்படி மைனி வெளிய சொல்ல?"

"அவர் கையவிட உங்க ஆம்பளைத்தனம் பெருசாப் போச்சா?"

பாலகணேஷ் தலை குனிந்தான். லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிக் கெட்ட வார்த்தை சொன்னான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலைத் தூக்கிச் சம்மணம் போடுங்க" என்றாள். அவன் போட்டான்.

"ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்றான் டெரிக். அவன் குரல் தணிந்திருந்தது. "பிரேக் போட்டதாலதான் நின்னுச்சு, தண்ணி போவல. எடுக்கலன்னா மறுபடி முயற்சி பண்ணக்கூடாது. தள்ளிடலாம்."

எடுத்தது. அவள் தண்ணீரைத் தாண்டி மேட்டில் ஏறி, பிரேக்கை லேசு லேசாக மிதித்து ஈரம் போக்கி, அடையாறு போகாமல் வண்டியைத் திருப்பினாள்.

"அண்ணன்ட்ட சொல்லிராதீங்க மைனி."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க சொல்லுவீங்க. இப்ப வீட்டுக்குத்தான் போறோம்."

மறுபடி அதே தண்ணீர். எதிர்ப்பக்கம் பெரிய வண்டி வருகிறதா என்று மேட்டில் நின்று பார்த்து, ஒரு பஸ்ஸை முழுசாகப் போகவிட்டு, பிறகு இறங்கினாள். பாலகணேஷ் மடக்கிய காலைக் கையால் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

டெரிக் ஸ்கூல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வீட்டில் அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி நனைந்து வந்து முன்னால் நின்றதும் அவர் முகம் மலர்ந்தது. வார்த்தை கொஞ்சம் குழறித்தான் வந்தது. "ஏம்ல, இந்த மழையில வந்த? கடையில ஆள் இருக்கா?"

"அண்ணே." பாலகணேஷ் மைனியைப் பார்த்தான். அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "மழை நாள்ல நான் வராதது லோடுனால இல்லண்ணே. எனக்கு..."

"தெரியும்ல" என்றார் அய்யாதுரை.

"என்ன தெரியும்?" என்று கேட்டவள் சண்முகவடிவு.

"சப்வேல மாட்டினதுலேருந்து இவன் மழையில வண்டிய எடுக்குததில்ல. கடையில எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமலா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நேரம் கொழுந்தன்மேல் இருந்த கோபம் அவ்வளவும் அப்படியே திரும்பி அவர்மேல் போய் நின்றது. "தெரிஞ்சுக்கிட்டுமா உக்காந்திருந்தீங்க? ஒரு ஆட்டோ பிடின்னு என்ட்ட சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

அய்யாதுரை மடங்கிய விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தார். அவை நிமிரவில்லை.

"வாரேன்னு சொல்லுதான். எப்படியாவது வந்துரணும்னுதான் சொல்லுதான். நான் ஆட்டோல போயி, அவன் தைரியத்தக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் வந்து நின்னான்னா, அவனுக்கு எப்படி இருக்கும்?"

பாலகணேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுவதைப் பார்க்கச் சண்முகவடிவுக்குப் பொறுமையில்லை. அவன் முன்னால் கையை நீட்டினாள். சட்டைப்பையிலிருந்து சாவி வந்து சேர்ந்தது.

வெளியே மழை தணிந்து தூறலாகியிருந்தது. தெரபி நிலையத்தில் சாயங்காலம் வரைக்கும் ஆள் இருப்பார்கள். "எந்திரிங்க" என்று கணவரின் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். பிடி கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை.